படத்தைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்: கறுப்பு வெள்ளை ரோல் கெட்டால் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

ரோலைக் கழுவி முடித்து, டேங்க்கைத் திறந்து, ரீலிலிருந்து பிலிமை இழுத்தால் ஒன்றுமே இல்லை. வெறும் பிளாஸ்டிக் நாடா. அந்த நேரத்தில் பலரும் முதலில் கேமராவைத் திட்டுவோம், அப்புறம் டெவலப்பரை (மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலை) திட்டுவோம், கடைசியில் நம்மையே திட்டிக்கொள்வோம். இந்த மூவரில் குற்றவாளி யார் என்று சொல்ல பிலிமின் ஓரத்திலேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அதை எப்படி விசாரிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

35 மி.மீ. பிலிமில் துளை வரிசைக்கு வெளியே பிலிமின் பெயர், 1, 1ஏ, 2, 2ஏ என்று ஓடும் எண்கள், பார்கோடு மாதிரி கோடுகள் இருக்கும். அவை மையால் அச்சடித்தவை அல்ல. ஆலையில் ஒரு மீட்டருக்கும் அதிக அகலமுள்ள பெரிய சுருளாகத்தான் பிலிம் பிறக்கிறது. அதை 35 மி.மீ. பட்டைகளாக அறுத்துத் துளை போடும் கட்டத்தில், இருட்டிலேயே, ஓரத்தில் மட்டும் ஒளியைக் காட்டி இந்த எழுத்துகளைப் பதிக்கிறார்கள். டெவலப்பரில் போடும்வரை அவை கண்ணுக்குத் தெரியாது.

ஆக, அந்த எழுத்துகளில் உங்கள் கேமராவுக்குப் பங்கே கிடையாது. டெவலப்பருக்கு முழுப் பங்கு உண்டு. ஆலையே இலவசமாக ஒரு சோதனைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் எழுத்தை ஒவ்வொரு அடர்த்தியில் பதிக்கும் என்பதால் இதை அளவுகோலாக வைத்து நுணுக்கமாக அளக்க முடியாது. ஆனால் திருடன் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று சொல்ல இது போதும்.

பார்க்கும் முறை: பிலிம் காய்ந்த பிறகு, பளபளப்பான பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். அப்போதுதான் எழுத்து நேராக வாசிக்கக் கிடைக்கும். பின்னால் போனின் வெள்ளைத் திரை இருந்தால் போதும்.

படமே இல்லை, ஓர எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது

டெவலப்பர் தன் வேலையைச் செய்துவிட்டது. பிலிமில் ஒளி படவே இல்லை. பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றுதான்: பிலிமின் நுனி சுருட்டும் தண்டில் மாட்டவில்லை. நீங்கள் 36 முறை லீவரை இழுத்தீர்கள், கவுண்டரும் ஏறியது, பிலிம் மட்டும் டப்பாவிலேயே தூங்கியது. பல கேமராக்களில் கவுண்டருக்கும் பிலிமுக்கும் சம்பந்தம் இல்லை. லீவர் நகர்ந்தால் எண் ஏறும், அவ்வளவுதான்.

அடுத்த ரோல் போடும்போது மூடியை மூடியதும், ரீவைண்ட் குமிழை அதன் அம்புக்குறிப் பக்கமாக மெதுவாகத் திருகி, டப்பாவுக்குள் இருக்கும் தளர்வை எடுத்துவிடுங்கள். இனி லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் ஓடவில்லை.

குமிழ் சுற்றியது, ஆனாலும் படம் இல்லை என்றால் ஷட்டரைச் சந்தேகப்படுங்கள். பிலிம் இல்லாத கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்ஸை ஜன்னல் பக்கம் காட்டி, 1/60, 1/250, 1/1000 என்று அழுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். வேகம் கூடக்கூட கீற்று காணாமல் போனால் மெக்கானிக்கிடம் போக வேண்டிய கேமரா அது. ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவர்கள் லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா என்று முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும். அந்தக் கேமராக்களில் மூடி போட்டிருந்தாலும் வியூஃபைண்டரில் காட்சி அழகாகத்தான் தெரியும்.

படமும் இல்லை, ஓர எழுத்தும் இல்லை

தப்பு டேங்க்குக்குள் நடந்திருக்கிறது. டெவலப்பர் செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது ஹைப்போ (மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் கரைசல்) முதலில் போயிருக்க வேண்டும். ஹைப்போ முந்திவிட்டால், ஒளிபட்டதோ படாததோ, எல்லா வெள்ளி உப்பும் கரைந்து போய்விடும். அந்த ரோலை மீட்க வழியே இல்லை.

நானும் ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி பழுப்பு பாட்டில், இரண்டிலும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய லேபிள், ஈரக் கையில் மை கலைந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டுப் படங்கள். அன்றிலிருந்து டெவலப்பர் பாட்டிலின் கழுத்தில் மட்டும் இரண்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். லேபிளைப் படிக்கத் தேவையில்லை, விரல் தொட்டதும் தெரியும்.

டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிட வேலை: ரோலின் நுனியில் வெட்டி எறியும் துண்டை, வெளிச்சத்திலேயே, டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடங்களில் அது கன்னங்கரேலென்று ஆக வேண்டும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். டெவலப்பர் பழசானால் பழுப்பேறிக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். வைட்டமின் சி வகை டெவலப்பர்கள் நிறம் மாறாமலேயே ஒருநாள் திடீரென்று செயலிழந்து நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்காணிப்புக் கேமராவுக்கும் வான்படத்துக்கும் செய்த பிலிமை வாங்கி டப்பாவில் அடைத்து விற்பவர்கள் உண்டு. அவற்றில் சிலதில் ஓர எழுத்தே இருக்காது. எழுத்து இல்லை என்று டெவலப்பரைத் தண்டிக்கும் முன் ரோலின் தலைப்பகுதியைப் பாருங்கள். கேமராவில் மாட்டும்போது அது வெளிச்சத்தைப் பார்த்தே தீரும். அது கறுத்திருந்தால் டெவலப்பர் நிரபராதி. இதற்காகவே தலையை முழுக்க வெட்டாமல் ஓர் அங்குலம் விட்டுவைப்பது நல்ல பழக்கம்.

படம் வெளிறியிருக்கிறது

எழுத்தும் சேர்ந்து வெளிறியிருக்கிறதா? அப்படியென்றால் டெவலப்பரில் பற்றாக்குறை: நேரம் குறைவு, அதிகமாகத் தண்ணீர் கலந்தது, அல்லது ஏற்கெனவே நாலைந்து ரோல் கண்ட கரைசல்.

எழுத்து திடமாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் கேமராவில் ஒளி போதவில்லை. மீட்டர் பேட்டரி, தப்பான ஐஎஸ்ஓ (பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன்), ஒட்டிக்கொண்ட அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை). இவற்றோடு அடிக்கடி மாட்டும் இன்னொரு காரணம், பிலிம் டப்பாவின் மேல் இருக்கும் வெள்ளி-கறுப்புக் கட்டங்கள். 1983-இல் கோடாக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு அது. ஆறு ஆறாக இரண்டு வரிசை, மொத்தம் 12 கட்டங்கள். கேமராவுக்குள் இருக்கும் சின்ன ஊசிகள் எந்தக் கட்டத்தில் மின்சாரம் பாய்கிறது, எதில் பாயவில்லை என்று பார்த்து பிலிமின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். மனிதர்கள் மறந்துபோவார்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

ஆனால் 100 அடி சுருள் வாங்கி, பழைய டப்பாக்களில் நாமே ரோல் சுற்றும்போது அதே ஏற்பாடு காலை வாரிவிடும். 400 என்று கட்டம் போட்ட டப்பாவில் 100 வேகப் பிலிமை அடைத்தால், ஆட்டோமேட்டிக் கேமரா டப்பாவைத்தான் நம்பும். ஒளி நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். டப்பா என்ன சொன்னாலும், கழுவிய பிறகு ஓர எழுத்து உண்மையான பிலிமின் பெயரைச் சொல்லிவிடும். தீர்வு, டப்பாவின் கட்டங்கள் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, கேமராவில் கையாலேயே ஐஎஸ்ஓ வைப்பது. கையால் வைக்க வழியில்லாத கேமராக்களில் பெரும்பாலானவை, கட்டத்தைப் படிக்க முடியாவிட்டால் 100 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கேமராவின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படமும் எழுத்தும் தடித்துக் கறுத்திருக்கின்றன

நம்மூரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணம் வெயில்.

டெவலப்பர் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. சென்னையில் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், 20 டிகிரி என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புரியும். 20 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 24 டிகிரியில் ஏறத்தாழ 7 நிமிடம். அதற்கு மேல் சூடு ஏற ஏற நேரம் சுருங்கிக்கொண்டே போகும். 5 நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றுவதற்கும் கொட்டுவதற்கும் ஆகும் நேரமே கணக்கைக் கெடுத்துவிடும்; வானம் திட்டுத்திட்டாக வரும். அதனால் நேரத்தைக் குறைப்பதைவிடக் கரைசலைக் குளிர வைப்பதே மேல்.

நான் செய்வது இது: பக்கெட்டில் பாதி தண்ணீர், அதில் பிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு தட்டு ஐஸ் கட்டி. டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), ஹைப்போ மூன்று பாட்டில்களையும் அலசுவதற்கான இரண்டு பாட்டில் தண்ணீரையும் கழுத்துவரை அதில் நிறுத்திவிடுவேன். கரைசலுக்குள் ஐஸ் போடக் கூடாது, அளவு நீர்த்துவிடும். தெர்மாமீட்டர் 24 காட்டியதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஆரம்பம். பக்கெட்டிலேயே விட்டால் டெவலப்பர் முடிந்து ஹைப்போ வரும்போது அது 19-க்குப் போயிருக்கும்.

அலசும் தண்ணீரை ஏன் சேர்த்தேன் என்றால், பிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின். டெவலப்பரில் ஊறி உப்பியிருக்கும் அந்தப் படலத்தை 24 டிகிரியிலிருந்து எடுத்து நேராகக் குழாயின் வெந்நீரில் காட்டினால் அது சுருங்கி வெடிக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் கோடையில் வறண்ட ஏரியின் தரை மாதிரி இருக்கும். இன்னும் சூடானால் ஓரத்தில் படலமே உரிந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும். வெப்ப நாடுகளுக்கான பழைய டெவலப்பர் செய்முறைகளில் சோடியம் சல்பேட் சேர்த்தது இதற்காகத்தான். அது ஜெலட்டின் அதிகம் உப்பாமல் தடுக்கும். சல்பேட்டையும் சல்பைட்டையும் குழப்பிவிடாதீர்கள். சல்பைட் ஏற்கெனவே டி-76 என்ற கோடாக் டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் இருக்கிறது, அதன் வேலை வேறு.

எழுத்து கூர்மையாகவே இருக்கிறது, ஆனால் பிலிம் முழுக்க ஒரு சாம்பல் திரை விழுந்த மாதிரி இருக்கிறதா? அது டெவலப்பரின் தப்பில்லை, வயதின் தப்பு. தாத்தாவின் பீரோவிலிருந்து கிடைத்த ரோல்களில் இது கட்டாயம் இருக்கும். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல்கள் இன்னும் எங்காவது பழைய ஸ்டூடியோக்களில் அகப்படும். ஆசையாக இருந்தாலும் முக்கியமான படத்தை அதில் எடுக்காதீர்கள். வேண்டுமானால் ஐஎஸ்ஓவை நன்றாகக் குறைத்து வைத்து, விளையாட்டாக எடுத்துப் பாருங்கள்.

கறுப்புத் திட்டுகள், புகைமூட்டம்

ஒரே கேள்வி: கறுப்பு, படச் சட்டத்தின் எல்லையைத் தாண்டி ஓரத்துக்குப் போயிருக்கிறதா?

தாண்டியிருந்தால் பின்மூடி வழியாக ஒளி கசிந்திருக்கிறது. மூடியின் காடியில் இருக்கும் கறுப்புப் பஞ்சு நம்மூர் ஈரப்பதத்தில் சில வருடங்களிலேயே தார் மாதிரி இளகிவிடும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு, கறுப்பு உல்லன் நூல் வைத்தாலே போதும். தாண்டாமல் சட்டத்துக்குள்ளேயே நின்றால் ஒளி லென்ஸ் பக்கமிருந்து வந்திருக்கிறது: ஷட்டர் திரையில் ஊசித் துளை, அல்லது மடிப்புக் கேமரா என்றால் பெல்லோஸில் (துருத்திபோல் மடியும் பகுதியில்) ஓட்டை. ஓரத்தோடு சேர்ந்து ரோல் முழுக்க, தலையிலிருந்து வால்வரை கறுப்பு என்றால் டேங்க் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது யாரோ இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

முதல் சில சட்டங்களில் மட்டும், துளைகளின் நிழலோடு ஒரு புகை வருகிறதா? பாலியெஸ்டர் அடிப்பாகம் கொண்ட பிலிமாக இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் விழும் ஒளி, கண்ணாடி இழைக்குள் ஓடுவது மாதிரி, அடிப்பாகத்தின் வழியாகவே டப்பாவுக்குள் போய்விடும். இந்த வகைப் பிலிமை வெயிலில் நின்று மாட்டக் கூடாது. நிழல் இல்லாவிட்டால் சட்டைக்குள் கேமராவை மறைத்துக்கொண்டாவது மாட்டுங்கள். பாலியெஸ்டரா என்று அறிய, வெட்டி எறிந்த துண்டைக் கையால் கிழித்துப் பாருங்கள். அசிட்டேட் கிழியும். பாலியெஸ்டர் உங்களை ஜெயித்துவிடும்.

கோடுகள், பிறைகள், மின்னல்கள்

மரக்கிளை மாதிரி, மின்னல் மாதிரி கறுப்புக் கீறல்கள் தெரிந்தால் அது உண்மையிலேயே ஒரு குட்டி மின்னல்தான். காய்ந்த காற்றில் பிலிமை வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்கும், அந்தப் பொறி தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும். ஏசி அறையில் அவசரமாக ரீவைண்ட் செய்பவர்களுக்கு வரும். மெதுவாகச் சுற்றுங்கள்.

நகக்கீறல் மாதிரிப் பிறைகள், ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியதால் வருபவை. ஈரமான ரீலில் பிலிம் ஏறவே ஏறாது. ஹேர் டிரையரில் காயவைத்துவிட்டு ஏற்றுங்கள். வெளிறிய சின்ன வட்டங்கள் காற்றுக்குமிழிகள். டெவலப்பர் ஊற்றியதும் டேங்க்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். ஒவ்வொரு துளையிலிருந்தும் படத்துக்குள் கறுப்பு நாக்கு நீண்டிருந்தால், காக்டெயில் குலுக்குவதுபோல் டேங்க்கைக் குலுக்கியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு நாலைந்து முறை, நிதானமாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

நீளவாட்டில் ஓடும் கோடுதான் அதிகம் ஏமாற்றும். “பிலிமே மோசம், கம்பெனி தப்பு” என்று உடனே சொல்லிவிடுவோம். ஆலையில் அப்படி ஒரு கோடு விழ முடியாது என்றில்லை. பிலிமின் மேல் பல படலங்கள் இருக்கும். ஒரு காலத்தில் ஒன்றைப் பூசிக் காயவைத்துத்தான் அடுத்ததைப் பூச வேண்டியிருந்தது. 1950-களில் கோடாக்கில் பெகின், ரஸ்ஸல் ஆகியோர் பெற்ற காப்புரிமைகள் அதை மாற்றின. மெல்லிய பிளவின் வழியாகக் கரைசலைப் பிதுக்கி, சாய்வான தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வழியவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் அடிப்பாகத்தின் மேல் ஒரே நேரத்தில் பல படலங்களைப் பூசலாம் என்று வந்தது. பல நிறத்துத் திரவங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் வழியும் என்பதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. அந்தப் பிளவின் உதட்டில் ஒரு குமிழியோ தூசியோ மாட்டினால், அது விலகும்வரை மீட்டர் கணக்கில் ஒரே கோடு விழும். அதனால்தான் ஆலைகள் கரைசலில் காற்றை நீக்கி, வடிகட்டி, பூசிய பிறகும் பிலிமைச் சோதிக்கின்றன. அதையெல்லாம் தாண்டி ஒரு கோடு உங்கள் கைக்கு வருவது அபூர்வம்.

எனவே முதலில் நெகட்டிவ்வைச் சாய்த்து, விளக்கொளி பட்டுத் தெறிக்கும்படி பாருங்கள். பள்ளம் தெரிந்தால் அது கீறல். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, ரோல் முழுக்க ஒரே இடத்தில் ஓடினால் டப்பாவின் வாயில் இருக்கும் வெல்வெட்டில் மணல் துகள், அல்லது கேமராவின் அழுத்தத் தகட்டில் பிசிறு. மெரினாவில் ரோல் மாற்றுபவர்கள் கவனிக்க. கோடு வளைந்து நெளிந்து போனால், ஈரப் பிலிமை விரலாலோ ரப்பராலோ வழித்தது நீங்கள்தான். வழிக்காதீர்கள். கடைசி அலசலில் நனைப்பான் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) இரண்டு சொட்டு விட்டு அப்படியே தொங்கவிடுங்கள்.

படத்தின் மேல் எண்களும் வட்டங்களும் பேய்போல் தெரிகின்றன

120 மாதிரி, காகித முதுகோடு சுற்றி வரும் அகலமான ரோல்களில் வரும் கோளாறு. இந்தப் பிலிமில் துளை கிடையாது, அதனால் எத்தனையாவது படம் என்று சொல்ல முதுகுக் காகிதத்தில் எண்களை அச்சடித்திருக்கிறார்கள். 1901-இல் பெட்டிக் கேமராவுக்காக வந்த ஏற்பாடு இன்றும் அப்படியே ஓடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்த அச்சு மை, சுருளில் தன்மேல் அழுந்திக் கிடக்கும் பிலிமைப் பாதிக்கும். வானத்தின் நடுவில் ஒரு ‘7’ மங்கலாக மிதக்கும். கழுவிய பிறகு எதுவும் செய்ய முடியாது. பிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, பிறகு மாட்டுங்கள். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் சீக்கிரம் கழுவுங்கள்.

முதுகுக் காகிதத்தை வைத்து 1914-இல் கோடாக் இன்னொரு வித்தையும் காட்டியது. ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் கண்டுபிடிப்பு அது. கேமராவின் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து எழுத்தாணியால் காகிதத்தின் மேல் “அம்மா, தீபாவளி” என்று எழுதினால், அழுத்திய இடத்தில் ஒளி ஊடுருவி, இரண்டு படங்களுக்கு நடுவில் அந்த எழுத்து பிலிமிலேயே பதிந்துவிடும். பழைய வெளிநாட்டு நெகட்டிவ்களில் படத்துக்குக் கீழே யாரோ கையால் எழுதிய மாதிரி ஏதாவது தெரிந்தால் அது கறையல்ல, தேய்க்காதீர்கள்.

பால்போல் மங்கல், ஊதா நிறம், மைபோல் கறுத்த கரைசல்

மங்கலாக இருந்தால் ஹைப்போ போதவில்லை. மறுபடி புதிய ஹைப்போவில் போட்டால் சரியாகிவிடும். எவ்வளவு நேரம் என்று அறிய, கழுவாத ஒரு துண்டை ஹைப்போவில் போட்டு அது கண்ணாடிபோல் ஆகும்வரை எண்ணுங்கள், அதில் இரண்டு மடங்கு. லேசான ஊதாச் சாயம் சில பிலிம்களில் மிஞ்சும், இன்னும் சற்று நேரம் அலசினால் போகும். ஊற்றிய முதல் தண்ணீர் பச்சையாகவோ நீலமாகவோ வெளியேறினால் பயம் வேண்டாம், அது பிலிமின் முதுகிலிருக்கும் சாயம்.

கரி கரைத்த மாதிரி வந்தால் நீங்கள் வாங்கியது சினிமா கலர் நெகட்டிவ்வின் மிச்சத் துண்டு. அதன் முதுகில் கரிப்படலம் இருக்கும். அடுத்த முறை டெவலப்பருக்கு முன் சோடா உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் குலுக்கி அலசுங்கள். இந்த வகைப் பிலிமில் 1, 1ஏ தேடாதீர்கள். எடிட்டிங்குக்காக அடிக்கணக்கில் ஓடும் நீண்ட எண்ணும் பார்கோடும்தான் இருக்கும்.

எழுத்து நேராக இருக்கிறது, படம் இடவலம் மாறியிருக்கிறது

சுருளிலிருந்து டப்பாவில் சுற்றும்போது பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். முதுகு வழியாகப் படம் எடுத்திருக்கிறது. படங்கள் வெளிறியும் இருக்கும். ஸ்கேன் செய்து திருப்பிக்கொள்ளலாம்.

எதிலும் அடங்காத கோளாறு என்றால், தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள். காட்டும்போது ஸ்கேன் செய்த படத்தை அனுப்பாதீர்கள், ஸ்கேனர் ஓரத்தை வெட்டிவிட்டிருக்கும். நெகட்டிவ்வையே வெள்ளைத் திரை முன் பிடித்து, துளைகளும் எழுத்துகளும் தெரியும்படி போனில் ஒரு படம், தலைப்பகுதியையும் சேர்த்து இன்னொரு படம். தண்ணீர் எத்தனை டிகிரி என்பதையும் எழுதி அனுப்புங்கள்.